பாறையில் அடித்த போல்ட்டுக்கு வயசு என்ன?

சிறுசேரியில் குடியிருக்கும் 38 வயது இல்லத்தரசி நான். படிப்பு பிளஸ் டூ. என் வீட்டுக்காரர் படூரில் சின்னதாக ஒரு கிரில் பட்டறை வைத்திருக்கிறார். மாமியார், நாத்தனார், பத்தாவது படிக்கும் மகள், ஆறாவது படிக்கும் மகன் என்று ஆறு பேர் கொண்ட குடும்பம். நாத்தனார் இங்கே சிப்காட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இந்தப் பகுதியில் சமையல், பிள்ளை வளர்ப்பு, வரவு செலவு என்று தோழிகள் எவ்வளவோ எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது பாறை ஏறுவதைப் பற்றி. சிரிக்காதீர்கள். ஒன்றரை வருஷமாக எங்கள் வீட்டில் சோறு வேகிறதோ இல்லையோ, இந்தப் பேச்சு வெந்துகொண்டே இருக்கிறது.

ஆரம்பித்து வைத்தது 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ். போலந்து நாட்டுப் பெண் அலெக்சாண்ட்ரா மிரோஸ்லாவ், 15 மீட்டர் உயரச் சுவரை 6.10 விநாடியில் ஏறித் தங்கம் வாங்கியதை என் மகள் செல்போனில் திரும்பத் திரும்பப் பார்த்தாள். நாலைந்து மாடி உயரம். பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைக்க நான் ஓடுவேனே, அந்த நேரம்தான். இந்த விளையாட்டு ஒலிம்பிக்ஸில் நுழைந்ததே 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில்தானாம். "அம்மா, நானும் ஏறணும்" என்றாள். பத்தாவது பரீட்சை முடியட்டும் என்று எல்லா அம்மாக்களும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். ஆனால் வீட்டிலேயே ஒரு குரு இருந்தால் பிள்ளை எப்படிக் காத்திருக்கும்?

அந்தக் குரு என் நாத்தனார். 2022-ல் கம்பெனி அவளை எட்டு மாதம் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்துக்கு அனுப்பியது. போகும்போது பருப்புப்பொடியும் ஊறுகாயும் கட்டிக்கொடுத்தேன். வரும்போது ஒரு பையில் கயிறும், இடுப்புப் பட்டையும், கிளிப்புகளும் கொண்டுவந்தாள். மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "கெணத்துல தூர் வாரப் போறியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து மாதம் ஒரு சனி ஞாயிறு அவள் பெங்களூர் பக்கம் பாறை தேடிப் போவதும், திங்கட்கிழமை விரலெல்லாம் தோல் உரிந்து வந்து நிற்பதும் வழக்கமாகிவிட்டது. "கல்யாணம் பண்ணவேண்டிய பொண்ணு கல்லுல தொங்கிட்டிருக்கு" என்பது மாமியாரின் தினசரி பாராயணம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சித்ரதுர்கா கோட்டைச் சுவரில் ஜோதிராஜ் என்பவர் கயிறே இல்லாமல் பல்லி மாதிரி ஏறுவதை டி.வி.யில் பார்த்திருக்கிறார். பாறை ஏறுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் என்று அவர் நினைப்பு.

அப்படி இல்லை. நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கயிறு கட்டி ஏறுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று பழைய முறை. ஏறுகிறவர் பாறை வெடிப்பில் சின்னச் சின்ன உலோக ஆப்புகளையும், உள்ளே போனதும் விரிந்து பிடித்துக்கொள்ளும் கருவிகளையும் தானே செருகி, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டே போவார். பின்னால் வருகிறவர் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவார். பாறையில் ஒரு தடயமும் இருக்காது. இன்னொன்று, பாறையில் முன்கூட்டியே துளை போட்டு நிரந்தரமாக போல்ட் அடித்து வைப்பது. ஒவ்வொரு போல்ட்டிலும் காது மாதிரி ஒரு தகடு இருக்கும். ஏறுகிறவர் கிளிப்பை அதில் மாட்டி, கயிற்றைப் போட்டுக்கொண்டு மேலே போக வேண்டியதுதான். கீழே நிற்கும் துணை கயிற்றை விட்டுவிட்டுப் பிடிப்பார். உச்சியில் இரண்டு போல்ட். ஒன்று போனாலும் மற்றது இருக்கும். இதைத்தான் ஸ்போர்ட் கிளைம்பிங் என்கிறார்கள்.

கேட்டதும் எனக்கு ஊஞ்சல் கொக்கி ஞாபகம்தான் வந்தது. கூரை கான்கிரீட் போடும்போதே கம்பியோடு சேர்த்துக் கட்டிவைத்த கொக்கியில் தொட்டில் கட்டி, என் இரண்டு பிள்ளைகளையும் கவலையில்லாமல் தூங்கவைத்தேன். ஆனால் பிறகு டிரில் போட்டு மாட்டிய ஆங்கர் பாஸ்ட்னரில் தொட்டில் கட்ட எந்த அம்மா சம்மதிப்பாள்? பத்து தடவை ஆட்டிப் பார்ப்போம், கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்போம். பாறையில் அடிப்பதும் அந்த ஆங்கர் பாஸ்ட்னர் ஜாதிதான். இறுக்க இறுக்க உள்ளே விரிந்து துளையைக் கவ்விக்கொள்ளும். ஐரோப்பிய விதிப்படி செய்த நல்ல போல்ட், பக்கவாட்டில் இழுத்தால் சுமார் இரண்டரை டன் தாங்க வேண்டுமாம். ஆனால் தாங்குவது போல்ட் மட்டும் இல்லை. அது நிற்கும் பாறையும், அதை அடித்த கையும், அடித்து எத்தனை மழைக்காலம் போச்சு என்பதும் சேர்ந்துதான்.

இங்கிலாந்தில் இதற்குப் பெரிய சண்டையே உண்டு என்று நாத்தனார் சொன்னாள். அது பழைய முறைக்குப் பேர்போன நாடு. ஷெஃபீல்டு பக்கத்தில் ஸ்டானேஜ் என்று மைல் கணக்கில் நீளமான பாறை விளிம்பு. ஆயிரக்கணக்கான பேர் ஏறுகிறார்கள். ஒரு போல்ட் கிடையாது. யாராவது அடித்தால் மறுநாளே பிடுங்கிவிடுவார்களாம். புதிதாக வந்த நம்ம வீட்டுப் பெண்ணுக்கு ஆப்பு செருகத் தெரியாது. அலுவலகத்தில் கேட்டுக் கேட்டு அலைந்திருக்கிறாள். கடைசியில் தெரிந்தது, அதே மாவட்டத்தில் கொஞ்ச தூரம் தள்ளிச் சுண்ணாம்புக்கல் பாறைகளிலும், கைவிட்ட பழைய குவாரிகளிலும் போல்ட் அடித்த வழிகள் நிறைய இருக்கின்றன. ஹார்ஸ்ஷூ குவாரி என்ற ஒன்றை அங்குள்ள மலையேறுவோர் மன்றமே 2005-ல் விலைக்கு வாங்கிவிட்டது. தெற்கே போர்ட்லாந்து தீவில் கட்டடக் கல் வெட்டிய குவாரிகளிலும் கடலோரப் பாறைகளிலும் போல்ட் வழிகள்தான் அதிகம். எந்தப் பாறையில் அடிக்கலாம், எதில் கூடாது என்று கூட்டம் போட்டுப் பேசி முடிவு பண்ணுகிறார்கள். பழைய போல்ட்டை மாற்ற உண்டியல் மாதிரி நிதி சேர்க்கிறார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். சண்டை போடுகிறார்கள், ஆனால் பொறுப்பு யாருடையது என்று எல்லாருக்கும் தெரிகிறது.

நம் நாட்டில் மலையேற்றம் என்றால் முதலில் இமயமலை. டென்சிங் 1953-ல் எவரெஸ்ட் ஏறியதும், அடுத்த வருஷமே டார்ஜிலிங்கில் பயிற்சிப் பள்ளி வந்தது. 1965-ல் உத்தர்காசியில் இன்னொன்று. அங்கே படித்த பச்சேந்திரி பால் 1984-ல் எவரெஸ்ட் தொட்ட முதல் இந்தியப் பெண்மணி. தமிழ்நாட்டிலிருந்து முதல் பெண்ணாக 2023-ல் எவரெஸ்ட் ஏறிய முத்தமிழ்ச்செல்வி இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. அதற்கு முன் நம்ம காஞ்சிபுரம் பக்கம் மலைப்பட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு 155 அடி கயிற்றில் இறங்கியவர். மாமியாரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அவ புருஷன் நல்லவன்போல" என்றார் கடைசியில்.

இப்படிப் பனிமலை வழியாக வந்த பழக்கம் என்பதால், பாறையில் நிரந்தரமாக இரும்பை அடிப்பது நம் பழைய பயிற்சியாளர்கள் சிலருக்குப் பிடிக்காது என்கிறாள் நாத்தனார். ஆனால் தென்னிந்தியாவில் ஒரு சங்கடம். இங்கே பாதிக்கு மேல் வழவழப்பான கருங்கல் மொட்டைப் பாறை. வெடிப்பு இருந்தால்தானே ஆப்பு செருக? அதனால் வேறு வழியில்லாமல் அங்கங்கே போல்ட் அடித்திருக்கிறார்கள், பல இடங்களில் கையால் உளி வைத்து. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அதிகம். கடைசி போல்ட்டுக்கு மேலே பத்து அடி ஏறி வழுக்கினால், கீழே பத்து அடி சேர்த்து இருபது அடிக்கு மேல் விழ வேண்டும். கயிறு இழுபடுவது தனி. கணக்கு எனக்கே புரிந்தது.

சரி, நல்ல இடம் எங்கே? முதலில் நாங்கள் பக்கத்திலேயே தேடினோம். எங்கள் வீட்டிலிருந்து மாமல்லபுரம் முக்கால் மணி நேரம். பாறைக்குப் பஞ்சமே இல்லை. என் மகன், "வெண்ணெய் உருண்டையில ஏறலாமே" என்றான். அங்கே ஒரு கீறல் போடவும் யாருக்கும் உரிமை இல்லை, போடவும் கூடாது. 1984-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானமே கூடாது என்று சட்டம். அங்கே ஒரு பாறையில் சிற்பிகள் கல்லைப் பிளக்க வரிசையாகப் போட்ட துளைகள் இன்னும் இருக்கின்றன. இத்தனை நூறு வருஷ மழையும் உப்புக்காற்றும் அதை அழிக்கவில்லை. கல்லில் ஒரு துளை போட்டால் போட்டதுதான். போல்ட் வேண்டாம் என்கிறவர்களின் கட்சியும் நியாயம்தானே என்று அந்தத் துளைகளுக்கு முன்னால் நின்றபோது நினைத்தேன்.

அடுத்து குவாரி. இங்கிலாந்துக்காரர்கள் குவாரியை வாங்கி விளையாட்டு இடமாக்கியிருக்கிறார்கள், நமக்குத்தான் பல்லாவரம், திரிசூலம், நன்மங்கலம் என்று குவாரிக்குக் குறைவில்லையே என்று என் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. நம்ம கல்லும் சாதாரணக் கல் இல்லை. பல்லாவரம் பக்கத்துக் கருங்கல்லுக்கு சார்னக்கைட் என்று உலகமே பெயர் வைத்திருக்கிறது. கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்கிற வெள்ளைக்காரரின் கல்லறைக் கல்லும் இதே ஜாதி என்று கண்டு, தாமஸ் ஹாலண்ட் என்ற நிபுணர் வைத்த பெயர். பல்லாவரத்தில்தான் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரியை எடுத்தார். இப்பேர்ப்பட்ட கல்லை வெடி வைத்து ஜல்லியாக்கி நம் வீடுகளுக்குக் கான்கிரீட் போட்டுவிட்டோம். வெடி வைத்த சுவரில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கும். எந்தப் பாளம் எப்போது கழன்று வரும் என்று சொல்ல முடியாது. வருஷக் கணக்கில் தளர்ந்த கல்லைப் பெயர்த்துச் சுத்தம் பண்ணாமல் அதில் போல்ட் அடிப்பது, சுண்ணாம்பு உதிரும் சுவரில் டி.வி. மாட்டுவது மாதிரி. கீழே ஆழமான தண்ணீர் வேறு. சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரை 2017 வறட்சியில் சென்னைக்குக் குடிக்கவே கொடுத்தார்கள், அவ்வளவு தண்ணீர். குளிக்கப் போய் மூழ்கிய பிள்ளைகள் செய்தியை இந்தப் பேப்பரிலேயே படிக்கிறோம். குவாரி வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

தமிழ்நாட்டு மலைகளில் பாதி கோயில் மலை, மீதியில் சமணர் படுகை, இல்லையென்றால் வனத்துறை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி குரங்கணி மலைத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அதில் சென்னையிலிருந்து போன பெண்கள் எத்தனை பேர். எங்கள் தெரு வழியாக சிப்காட்டுக்கு அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு போகும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும். அதற்குப் பிறகு அனுமதி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 மலைப் பாதைகளைத் திறந்து, வழிகாட்டியோடு கூட்டிப் போகிறது. நடப்பதற்கு அது. கயிறு கட்டி ஏறுவதற்கு நாத்தனார் கர்நாடகம்தான் போகிறாள்.

அங்கே பெங்களூரிலிருந்து 60 கிலோமீட்டரில் சாவனதுர்கா என்று ஒரே கல்லால் ஆன பிரம்மாண்ட மலை. கடல் மட்டத்திலிருந்து 1,226 மீட்டர். சாய்ந்த மொட்டைப் பாறை, கைக்குப் பிடிமானம் கிடையாது, காலை நம்பித்தான் ஏற வேண்டும். பழகியவர்களுக்கு அமிர்தம், புதியவர்களுக்கு இடைவெளி பயம். மைசூர் சாலையில் ராமநகரம். ஷோலே படம் எடுத்த இடம் என்றால் எல்லாருக்கும் தெரியும். அங்கே ஒரு மலையில் பாறுக் கழுகுகள் கூடு கட்டுவதால் 2012-ல் சரணாலயம் ஆக்கிவிட்டார்கள். அந்தப் பாறைப் பக்கம் போகக்கூடாது. போல்ட் நன்றாக இருந்தாலும் குஞ்சு பொரிக்கும் கழுகை விரட்டிவிட்டு ஏறுவது என்ன ஏற்றம்?

மூன்றாவது பாதாமி. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்த தோழிகளுக்கு வாதாபி என்றால் உடனே புரியும். அதே ஊர். மாமல்லபுரத்துக்குப் பெயர் கொடுத்த நரசிம்மவர்மன் 642-ல் படையெடுத்துப் பிடித்த சாளுக்கியத் தலைநகரம். செக்கச்செவேல் என்று மணற்பாறை. கருங்கல் மாதிரி வழுக்காமல், அடுக்கடுக்காக விளிம்பு இருப்பதால் கைக்குப் பிடி கிடைக்கும். செங்குத்தாகவும் இருக்கும், முன்னால் துருத்திக்கொண்டும் இருக்கும். இந்தியாவில் போல்ட் அடித்து ஏற முதலில் எல்லாரும் சொல்லும் ஊர் இதுதானாம். அங்கே 'கணேஷா' என்று பெயர் வைத்த ஒரு வழி இருக்கிறது. நாட்டிலேயே மிகக் கடினமான வழிகளில் ஒன்று. வாதாபியில் கணபதி! மாமியாரிடம் சொன்னேன். "அந்தப் பிள்ளையாரைத்தான் பரஞ்சோதி திருச்செங்காட்டங்குடிக்குக் கொண்டாந்துட்டாரே, இன்னும் அங்க என்ன வேலை?" என்று ஒரே போடாகப் போட்டார். செவிவழிக் கதைதான் என்றாலும், அவர் பிறந்த ஊர் அந்தப் பக்கம். அவரிடம் வாதாட முடியுமா?

இத்தனை கேட்டபிறகும் என் மகளை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. காரணம், போன வருஷம் ஆவணி மாதம் நடந்த ஒன்று.

நாத்தனார் பெங்களூர் பக்கம் ஒரு பாறைக்குப் போனாள். எந்தப் பாறை என்று நான் எழுதவில்லை, யாரையும் குறை சொல்ல எழுதுவதில்லை இது. யாரோ நண்பருக்கு நண்பர் சொன்ன இடம். "போல்ட் எல்லாம் இருக்கு, பயப்படாதே" என்றார்களாம். மூன்றாவது போல்ட்டில் கிளிப்பை மாட்டி நிமிரும்போது தகடு சுற்றியிருக்கிறது. விரலால் நட்டைத் தொட்டால் நட்டும் சுற்றுகிறது. சரி, நட்டுதான் தளர்ந்திருக்கிறது என்று கையால் திருகினால் போல்ட்டின் தண்டே சேர்ந்து சுற்றுகிறது. அவள் அதற்கு மேல் ஏறவில்லை. கீழே இரண்டாவது போல்ட்டை நம்பி மெதுவாக இறங்கிவிட்டாள். இறங்கும்போது கால் நடுங்கியது என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அம்மாவிடம் சொல்லாதீங்க அண்ணி என்றாள். மாமியார் இந்தப் பேப்பரை எழுத்துக் கூட்டிப் படிப்பவர். இனி தெரிந்துவிடும், பரவாயில்லை.

அவள் எடுத்துவந்த போட்டோவை என் வீட்டுக்காரர் பெரிதாக்கிப் பார்த்தார். இருபது வருஷம் இரும்போடு பழகியவர். பார்த்ததும் சொன்னார்: "நட்டு மட்டும் சுத்தினா இறுக்கிக்கலாம். தண்டே சுத்துதுன்னா உள்ளே கவ்வுறது விட்டுப்போச்சு. இன்னொண்ணு பாரு, தகடு எவர்சில்வர், போல்ட் ஜிங்க் பூசினது. ரெண்டு லோகத்தை ஒண்ணா வச்சு மழையில விட்டா, மட்டமானதுதான் முதல்ல அரிக்கும். கீழே சிவப்பா கோடு இறங்கியிருக்கு பார், அது போல்ட் அழுவுற கண்ணீர்." வீட்டுக்காரர் இப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை. தங்கச்சி என்பதால் வந்தது.

அந்த வாரமே பட்டறையில் கிடந்த ஒரு கருங்கல் துண்டில் மூன்று துளை போட்டார். முதலில் பிடிவாதமாகக் கையால் உளி வைத்து அடித்துப் பார்த்தார். அரை மணி நேரம் அடித்தும் ஒரு அங்குலம் இறங்கவில்லை, உள்ளங்கை கொப்புளித்ததுதான் மிச்சம். "அந்தக் காலத்துல பாறையில தொங்கிட்டே இப்படி அடிச்சிருக்கான்னா, ஆழமா அடிச்சிருக்க மாட்டான். நானா இருந்தாலும் பாதியில நிறுத்தியிருப்பேன்" என்றார். பழைய போல்ட்டுகள் ஏன் குட்டையாக, ஒல்லியாக இருக்கின்றன என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். அப்புறம் மெஷினில் துளைத்து, ஒன்றில் ஜிங்க் பூசிய போல்ட், ஒன்றில் 304 ஸ்டீல், ஒன்றில் 316 ஸ்டீல் மாட்டி மொட்டை மாடியில் வைத்தார். கோவளத்திலிருந்து ஒரு கேனில் கடல் தண்ணீர் பிடித்துவந்து, துளசிக்குத் தண்ணீர் விடும்போதெல்லாம் இதற்கும் ஒரு கை தெளிப்பது என் வேலை.

304 என்ற எண் நமக்குப் புதிது இல்லை. பாத்திரக் கடையில் 202, 304 என்று சொல்கிறார்களே, அதேதான். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று கடைக்காரர் காட்டுவார். 202-லும் காந்தம் ஒட்டாது என்று வீட்டுக்காரர் சொன்னபோது, என் சீர்வரிசைப் பாத்திரங்களையெல்லாம் ஒரு தடவை முறைத்துப் பார்த்தேன். 316 என்பது உப்புக்காற்றைத் தாங்க மாலிப்டினம் சேர்த்தது. ஐப்பசி மழையில் தொடங்கி தை பிறப்பதற்குள் ஜிங்க் போல்ட்டில் முதலில் வெள்ளைப் பொடி, பிறகு செந்துரு. 304-ல் டீக்கறை மாதிரி லேசாகப் படிந்தது. 316 கடையில் வாங்கியது போலவே இருந்தது. சிறுசேரி காற்றுக்கு ஜன்னல் கம்பி இரண்டு வருஷத்தில் பெயிண்டைத் துப்புவதைப் பார்த்தவள் நான். எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் மகளுக்கு அந்தக் கல் ஒரு பாடப்புத்தகம் போல ஆகிவிட்டது.

இதிலும் ஒரு பொடி இருக்கிறது. தாய்லாந்தில் ராய்லே என்ற கடற்கரை, உலகத்தில் எல்லா நாட்டாரும் ஏற வரும் இடம். அங்கே நல்ல ஸ்டீல் போல்ட்டுகளே, வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே விரிசல் விட்டுச் சில வருஷங்களில் முறிந்தன. கடல் உப்பும் வெப்பமும் சேர்ந்து செய்கிற வேலை. கடைசியில் டைட்டானியம் கம்பியைப் பசை போட்டு ஒட்டி மாற்ற ஆரம்பித்தார்கள். இது எனக்குச் சொன்ன சேதி ஒன்றுதான். துரு தெரிந்தால் எச்சரிக்கை, தெரியாவிட்டால் நிம்மதி என்று இருக்க முடியாது. கண்ணால் பார்த்து போல்ட்டின் நலம் அறிய முடியாதென்றால், அதன் ஜாதகம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது வரன் பார்ப்பது போலப் பாறை பார்க்கிறோம். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நாத்தனார் கேள்விப்பட்ட ஒன்பது இடங்களின் பெயரை எழுதினோம். ஒவ்வொன்றுக்கும் அவள் அங்கே ஏறும் பழைய ஆட்களுக்கு போன் போட்டுக் கேட்டாள். யார் அடித்தது, எந்த வருஷம், என்ன ஸ்டீல், எத்தனை மில்லிமீட்டர், கடைசியாக யார் இறுக்கிப் பார்த்தார்கள், அந்த நிலம் யாருடையது, ஊர்க்காரர்கள் சம்மதமா. 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வேண்டாம் என்பது வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை. "யாரோ வெள்ளைக்காரங்க எப்பவோ போட்டது, நல்லாத்தான் இருக்கு" என்று பதில் வந்த நாலு இடங்களை அங்கேயே அடித்துவிட்டோம். ஒன்றில் பாறைக்கு மேலே ஊர் அம்மன் கோயில் இருக்கிறது, பூசாரியிடம் யாரும் கேட்டதில்லை என்று தெரிந்தது. அதையும் அடித்தேன், இது என் முடிவு. ஆடு மேய்க்கும் பெண்களும் சாமி கும்பிடும் பெண்களும் தினம் பார்க்கும் பாறை, வாரக் கடைசிக்கு வருகிற நமக்கு மட்டும் சொந்தமா?

மிச்சம் நாலு. அதில் மூன்று பெரியவர்கள் ஏறுவதற்கு. ஒன்றுதான் என் மகளைக் கூட்டிப்போகத் தகுந்தது. பாதாமியில், குகைக் கோயில்களையும் சின்னங்களையும் விட்டுத் தள்ளி, போல்ட்டுகளை மாற்றிய விவரம் தெரிந்த ஒரு சுவர். மாற்றியவரே நாத்தனாருடன் போனில் பேசினார். மணற்பாறைக்குக் கருங்கல்லைவிட நீளமான போல்ட் வேண்டும், அதைத்தான் போட்டிருக்கிறேன் என்று கேட்காமலே சொன்னார். மழை பெய்தால் பாறை காய ஒன்றிரண்டு நாள் விடவேண்டும், ஈரமான மணற்பாறை பிடியோடு உடைந்து வரும் என்றும் அவர்தான் சொன்னார். கேட்காமலே சொன்னதால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. நாத்தனார் முன்னால் ஏறி உச்சி இரண்டு போல்ட்டிலும் கயிற்றை மாட்டிவிடுவாள். என் மகள் மேலிருந்து வரும் கயிற்றில்தான் ஏற வேண்டும். முதலாவதாக ஏறுவது பிளஸ் டூ முடித்த பிறகு. இதில் அவளுக்கு வருத்தம். மூன்று நாள் சாப்பாட்டு மேஜையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நான் அசையவில்லை.

டிசம்பர் கடைசி வாரம் பெங்களூரிலிருந்து இரவு ரயில், டிக்கெட் போட்டாச்சு. மார்கழிக் குளிர்தான் அங்கே ஏற நல்ல காலம், மற்ற மாதங்களில் பாறை தோசைக்கல்தானாம். வீட்டுக்காரர் ஒரு ஸ்பேனரும் கொடுத்தனுப்புகிறார், நட்டு தளர்ந்திருந்தால் இறுக்க. தண்டு சுற்றினால் இறங்கிவிட வேண்டும் என்று இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அங்கே குரங்குத் தொல்லை அதிகம் என்று கேள்வி. அதனால் புளியோதரையை எவர்சில்வர் தூக்கில் போட்டுப் பூட்டுப் போடுவதா, பேசாமல் சப்பாத்தி சுருட்டிக் கொடுப்பதா என்று மாமியாரும் நானும் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

- ஒரு வாசகி, சிறுசேரி.